ஒரு வருட அட்வான்ஸ் எங்கிருந்து வந்தது: கொழும்பு வாடகை வீடுகளின் உள்கதை

கொழும்பில் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவர்களுக்கு வாடகையைக் கேட்டால் வராத தலைசுற்று, அட்வான்ஸைக் கேட்டதும் வரும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, எங்கே போனாலும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கேட்கிறார்கள். அதற்கு மேல் டிபொசிட், அப்புறம் புரோக்கருக்கு அரை மாதமோ ஒரு மாதமோ. இவ்வளவையும் எண்ணி வைத்துவிட்டு உள்ளே போனால் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு, மிஞ்சினால் இரண்டு. "பணத்தாசை பிடித்தவர்கள்" என்று திட்டிவிட்டுப் போவது சுலபம், அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களின் வீடுகள் சிலவற்றை இங்கே பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: வீட்டுக்காரர் கேட்கிற, மறுக்கிற, ஒளிக்கிற பாதி விஷயங்களுக்குப் பின்னால் ஒரே பயம்தான் இருக்கிறது. ஆளை உள்ளே விட்டால் எழுப்ப முடியாது என்ற பயம். அது எப்படி வந்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் ஓரளவு விளங்கும்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம்தான் இதன் தாய்வீடு. அதற்கு முன்பே 1948இல் ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது, ஆனால் 72இல் வந்தது நல்ல இறுக்கமானது. வாடகைக்கு உச்சவரம்பு வந்தது, வீட்டுக்காரர் நினைத்தபடி கூட்ட முடியாது. சட்டம் சொன்ன சில காரணங்களுக்காக மட்டுமே ஆளை வெளியேற்ற வழக்குப் போடலாம். குடியிருப்பவர் இறந்துபோனால் அவரோடு அந்த வீட்டில் இருந்த மனைவியோ பிள்ளையோ அதே வாடகை உரிமையைத் தொடரலாம். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் அதற்கும் வழி இருந்தது: குடியிருப்பவர் வாடகையை உள்ளூராட்சி மன்றத்தில் அதற்கென்று அதிகாரம் பெற்றவரிடம் கட்டிவிடலாம், கட்டினால் வீட்டுக்காரரிடம் கொடுத்த கணக்குத்தான். கொழும்பில் பழைய ஆக்களிடம் கேட்டால், மாநகர சபையில் வாடகை கட்டிவிட்டு வருடக்கணக்காக வீட்டுக்காரரோடு முகம் பார்த்துக் கதைக்காமலே ஒரே வளவுக்குள் இருந்த குடும்பங்களின் கதை ஒன்றாவது வரும்.

அடுத்த வருடமே, 1973இல், வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலம். ஒருவர் இத்தனை வீட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிஞ்சியது தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் போகும், அதில் குடியிருப்பவர் அதை வாங்குவதற்கு விண்ணப்பிக்கலாம். குடியிருந்தவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரிய காரியம், சந்தேகமே இல்லை. கொழும்பில் சொந்த வீட்டைக் கனவிலும் நினைக்காத எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் ஒரு வீட்டு உறுதிக்கு, அதாவது பத்திரத்துக்கு, சொந்தக்காரர் ஆனார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் அது வேறு விதமாகப் பதிந்தது. வாடகைக்குக் கொடுத்தது கையை விட்டுப் போய்விடும் என்று ஒரு தலைமுறை கண்ணால் பார்த்தது, பார்த்ததைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தது.

பிறகு சட்டம் தளர்ந்தது. 1980இல் ஒரு திருத்தம், 2002இல் இன்னொன்று என்று படிப்படியாகப் பல வீடுகள் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. இன்று வெள்ளவத்தையில் நிற்கிற தொடர்மாடிகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை, அவற்றில் பழைய சட்டத்தைக் காட்டி யாரும் பரம்பரை உரிமை கோர முடியாது. ஆனாலும் பயம் போகவில்லை. 2015இல் கட்டிய பிளாட்டை வாடகைக்குக் கொடுக்கிறவரும் 1972ஐ மனதில் வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறார், அந்த வருடத்தில் அவர் பிறந்தே இருக்க மாட்டார் என்றாலும்.

பயத்துக்குச் சட்டத்தைவிட வழக்கின் நீளம்தான் பெரிய காரணம். மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வெளியேற்றல் வழக்கைத் தொடங்கி, தீர்ப்பு வந்து, அப்பீல் போய், கடைசியில் பிஸ்கால், அதாவது நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அதிகாரி, வந்து சாவியைக் கையில் கொடுக்கும் வரைக்கும் வருடங்கள் ஓடும். ஒரு வருட அட்வான்ஸ் என்பது இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆள் பிரச்சினைக்காரராக மாறினாலும் கொஞ்சக் காலத்துக்காவது கையில் காசு இருக்கட்டும் என்ற எண்ணம். நல்ல குடித்தனக்காரர், கெட்டவர் செய்யப்போவதற்கு முன்கூட்டியே பணம் கட்டுகிறார். இதில் நியாயம் இல்லை என்பது என் கருத்து, ஆனால் காரணம் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பயப்படுகிறவர்கள் ஒப்பந்தத்தை ஒழுங்காக எழுதுவதில்லை. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றுபடுத்துபவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும், இல்லையென்றால் அந்தக் காலவரைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. காலி வீதியில் டைப் அடிக்கிற கடையில் நிரப்பி, இரண்டு பேரும் முத்திரைக்கு மேல் கையெழுத்து வைத்து, "இரண்டு வருட அக்ரிமென்ட்" என்று சொல்லிக்கொள்கிற தாளில் அந்த இரண்டு வருடம் நிற்காது. நடைமுறையில் அது மாதத்துக்கு மாதம் ஓடுகிற வாடகையாகவே பார்க்கப்படும், ஒரு காலண்டர் மாத அறிவித்தல் கொடுத்து முடிக்கலாம். குடியிருப்பவருக்கும் இது ஆபத்து: இரண்டு வருடத்தை நம்பிப் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவருக்கு எட்டாம் மாதத்தில் கடிதம் வரலாம். ஏன் நொத்தாரிசிடம் போவதில்லை என்று கேட்டால், முத்திரை வரி, நொத்தாரிசுக் கட்டணம், அப்புறம் மெல்லிய குரலில், வருமான வரிக்காரர்களை நினைத்து, "இன்லண்ட் ரெவனியூவுக்குத் தெரிஞ்சிடும்."

அந்த மெல்லிய குரல் வீட்டுக்காரருக்கே வினையாகும். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையை மீட்பதற்கென்றே கொண்டுவரப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தோ, முறையாக ரத்துச் செய்யப்பட்டோ ஆன பிறகும் ஆள் எழும்பவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் சாதாரண வழக்கைவிடச் சுருக்கமான வழியில் போகலாம் என்பதுதான் அதன் சாரம். வீட்டுக்காரர்கள் ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த வசதி. ஆனால் அந்த வழியில் நடக்க ஒழுங்கான குத்தகை ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். வரிக்குப் பயந்து தாளை அரைகுறையாக விட்டவர் பழைய நீண்ட வரிசையிலேயே போய் நிற்கிறார்.

வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது. குடியிருப்பவர் ஊருக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவது, தண்ணீரை நிறுத்துவது, பியூஸைக் கழற்றி வைத்துக்கொள்வது. "என் வீடு, நான் பூட்டுவேன்" என்பதில் ஒரு வீரம் இருக்கிற மாதிரித் தெரியும், சட்டத்தில் இல்லை. குடியிருப்பவர் பொலிஸுக்குப் போவார். பொலிஸ் அதை 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதவானிடம் கொண்டுபோகும். அங்கே வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, யார் கையில் இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். தகவல் தாக்கல் செய்த நாளுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் என்று தெரிந்தால் அவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்லிக் கட்டளை வரும். பூட்டை மாற்றியவர் இப்போது வாடகைப் பிரச்சினையோடு ஒரு நீதிமன்றக் கட்டளையையும் வைத்துக்கொண்டு நிற்பார்.

எழும்பச் சொல்லி அறிவித்தல் கொடுத்த பிறகு வருகிற பணத்தை எப்படி வாங்குவது என்பதும் ஒரு கலை. வழக்கம்போல "வாடகை" என்று பற்றுச்சீட்டு எழுதினால், நீங்களே ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கிடைக்கும். அதனால்தான் லோயர்மார் அதை "உரிமைக்குப் பங்கமின்றி, நட்டஈடாக" என்று எழுதச் சொல்கிறார்கள். பற்றுச்சீட்டில் மூன்று சொல்தான், ஆனால் வழக்கு அதில் தொங்கும்.

தமிழருக்குக் கொழும்பில் வாடகை வீடு என்றால் இன்னொரு தாள் அடுக்கும் உண்டு. யுத்த காலத்தில் வடக்குக் கிழக்கிலிருந்து வந்து தங்கிய எவரையும் பொலிஸில் பதிய வேண்டும், பதியாவிட்டால் வீட்டுக்காரரும் மாட்டுவார். சுற்றிவளைப்பு நடக்கும் இரவில் கதவைத் திறந்ததும் முதலில் நீட்டப்பட்டது அந்தப் பதிவுத் துண்டுதான். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்காலக் கட்டளை போட்டது. அந்தக் காலத்தில் தெரியாத ஆளுக்கு அறை கொடுப்பது உண்மையிலேயே துணிச்சலான வேலை. "எந்த ஊர், கொழும்பில் யாரைத் தெரியும், யார் சொல்லி வந்தீர்கள்" என்ற விசாரணை அப்போது பழக்கமானது. யுத்தம் முடிந்து இவ்வளவு காலமாகியும் அந்தக் கேள்விகள் அப்படியே கேட்கப்படுகின்றன, இப்போது அதற்குப் பொலிஸைக் காரணம் சொல்ல முடியாது. "சைவக் குடும்பம் மட்டும்", "சிறு குடும்பம் விரும்பத்தக்கது", "தனியாக இருக்கும் பெண்கள் வேண்டாம்" என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். மீன் பொரிக்கிற மணத்துக்கும் வாடகை பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒழுங்காக மாதம் பிறந்ததும் காசு போடுகிற ஆள் யார் என்பதை விளம்பரத்தின் இந்த வரிகள் ஒருபோதும் சொல்லியதில்லை.

வாக்காளர் பட்டியலில் அந்தப் பழைய பயம் இன்னும் நன்றாகத் தெரியும். குடியிருப்பவருக்குப் பெயர் பதிய வேண்டிய தேவை இருக்கிறது, குறிப்பாக முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்கிற வயதில். அரச பாடசாலை அனுமதியில் வதிவிடத்தை நிரூபிப்பதற்குப் புள்ளி உண்டு: வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் இருக்கிறீர்கள், வீட்டு உறுதியா, பதிவு செய்த குத்தகையா, கரண்ட் பில் யார் பெயரில் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். வீட்டுக்காரரோ இவை எல்லாவற்றிலும் ஒரே விஷயத்தைத்தான் பார்க்கிறார், ஆள் இங்கே நிலையாக இருக்கிறார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம். அதனால் கிராம உத்தியோகத்தர் படிவத்தோடு வரும்போது "அவங்க கொஞ்ச நாளைக்குத்தான் இருக்கிறாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஐந்து வருடமாக அதே வீட்டில் இருக்கிற குடும்பத்தைப் பற்றி இப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இடாப்பில் பெயர் இருப்பதால் வீட்டில் சொந்த உரிமை வந்துவிடாது. வெளியேற்றல் வழக்கில் அது பெரிய விஷயமும் அல்ல. ஆனால் பிள்ளையின் பள்ளிக்கூடம் போய்விடும்.

வெள்ளவத்தைக்கென்றே ஒரு விசேஷம் உண்டு. இங்கே பல பிளாட்டுகளின் சொந்தக்காரர் ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிறார், அவருக்காகக் கையெழுத்துப் போடுகிறவர் ஒரு மாமா அல்லது ஓய்வுபெற்ற ஒரு மச்சான். அவர் கையில் இருப்பது அற்றோணித் தத்துவம், அதாவது சொந்தக்காரருக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம். அது சரியாகப் பதியப்பட்டிருக்கிறதா, அதில் வாடகைக்குக் கொடுக்கவும் வழக்குப் போடவும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று குடியிருக்க வருகிறவர்கள் பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டும். கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் அன்றோடு முடிந்தது. அங்கே பெரியவர் காலமாகிவிட்டார், இங்கே மாமா வழக்கம்போல வாடகை வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதுகிறார், ஆனால் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அவருக்கு இப்போது அதிகாரம் கிடையாது. மூன்று பிள்ளைகள் மூன்று நாட்டில். ஒருவர் விற்கலாம் என்கிறார், ஒருவர் வாடகையைக் கூட்டலாம் என்கிறார், ஒருவர் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுப் பதிலே போடுவதில்லை. குடியிருப்பவருக்குத் தேவையானது ஒரு கீசர் மாற்ற அனுமதி மட்டும்.

சரி, சட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் வருவோம். நான் பார்த்த சண்டைகளில் அதிகம் வாடகையைப் பற்றியே அல்ல, கரண்ட் பில்லைப் பற்றித்தான். பெரிய வீட்டின் பின்பக்கத்தையோ மேல்மாடியையோ பிரித்து அனெக்ஸாகக் கொடுப்பது கொழும்பில் சாதாரணம். மின்சார சபையின் மீட்டர் ஒன்று, அனெக்ஸுக்கு உள்ளே ஒரு சப் மீட்டர். மாதக் கடைசியில் சப் மீட்டரைப் பார்த்து யூனிட்டை எழுதிப் பங்கு பிரிப்பார்கள். வெளியே பார்த்தால் நேர்மையான ஏற்பாடு. ஆனால் இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிற கட்டணம். மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஓர் அட்டவணை, தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை, நிலையான கட்டணமும் கூடும், மேலே போகப் போக 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் விலை ஏறும். அனெக்ஸில் இருக்கிற இரண்டு பேர் 55 யூனிட் பாவிக்கிறார்கள் என்று வையுங்கள். தனி மீட்டர் இருந்திருந்தால் அவர்கள் குறைந்த அட்டவணையில் நிற்பார்கள். முன்வீட்டில் ஏசி ஓடுகிறது, 200 யூனிட். இரண்டும் ஒரே மீட்டரில் சேர்ந்து 255 ஆகிறது. மொத்த பில்லை யூனிட்டால் பிரித்தால், ஃபேனும் இரண்டு பல்பும் பாவிக்கிறவர் அடுத்த வீட்டு ஏசிக்கும் சேர்த்துக் கட்டுகிறார். மாறாக, அவர்களிடம் குறைந்த அட்டவணைப்படி மட்டும் வாங்கினால், அவர்களின் 55 யூனிட்டும் தன் பில்லில் உச்சப் படி விலைக்கே ஏறியது என்று முன்வீட்டு அங்கிள் சொல்லலாம், அவர் சொல்வதும் முழுப் பொய் அல்ல. இரண்டு பக்கமும் தன்னை மற்றவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்கிறது, இருவரும் மீட்டரைக் காட்டுகிறார்கள், இரண்டு மீட்டரும் சரியாகத்தான் ஓடுகின்றன. இதற்கு ஒரே சுத்தமான வழி தனி மீட்டர் எடுப்பது. அதற்குத் தனி நுழைவாயில், தனி வயரிங், மாநகர சபையில் தனி மதிப்பீட்டு இலக்கம் என்று அலைய வேண்டும், அலைந்தால் வரியும் கூடும். ஆகவே சப் மீட்டரோடு சண்டையும் நீடிக்கிறது.

2022இல் இது வெடித்தது. ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னுமொரு 66 சதவீதம். "பில்லோடு சேர்த்து மாதம் இவ்வளவு" என்று போர்டிங் அறைகளைக் கொடுத்திருந்த அன்ரிமாருக்குச் சில அறைகளில் வாடகையே பில்லுக்குப் போனது. பெடியன்களின் அறையில் ரைஸ் குக்கர் இருக்கிறதா, அயன் பண்ணுகிறார்களா என்று பார்க்க மேலே ஏறி இறங்கத் தொடங்கியது அப்போதுதான். அதே காலத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் செப்டம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டது, மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐ எட்டியது. 2021இல் இரண்டு வருடத்துக்கு ஒரே வாடகையில் கையெழுத்து வைத்தவர் வாங்கிய காசின் மதிப்பில் பாதிக்குக் கிட்டக் காற்றில் போனது. இன்று இரண்டாம் வருடம் 10 சதவீதம் கூடும் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறார்களே, ஒரு வருடத்துக்கு மேல் தர மாட்டேன் என்கிறார்களே, அதில் 1972 பாதி, 2022 பாதி. சம்பளம் அந்த வேகத்தில் ஏறாத குடியிருப்பவருக்கு அதே 10 சதவீதம் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்த வருடங்களில் வெள்ளவத்தையை விட்டு தெஹிவளைக்கும், தெஹிவளையை விட்டு இரத்மலானைக்கும் நகர்ந்த குடும்பங்கள் குறைவில்லை.

திருத்த வேலைக்கு வருவோம். மெரைன் டிரைவ் பக்கத்தில் கடல் பார்த்த பிளாட்டுக்கு வாடகை கூட, செலவும் கூட. உப்புக் காற்று ஜன்னல் கிரில்லைத் தின்னும், கதவுப் பிணைச்சலைத் தின்னும், பால்கனியில் வைத்த ஏசியின் வெளி யூனிட்டை மூன்று நான்கு வருடத்தில் கறள் கட்ட வைத்துவிடும். தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் மேற்குப் பக்கச் சுவரில் மழை நேராக அடிக்கிறது, உள்ளே புட்டி உப்பிப் பெயர்ந்து விழும். இது "சாதாரணத் தேய்மானமா" இல்லை குடியிருப்பவர் கவனிக்காததா? ஒப்பந்தத்தில் "சிறு திருத்தங்கள் குடியிருப்பவர் பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கும், சிறு என்றால் எவ்வளவு என்று இருக்காது. ஒரு ரூபா எல்லை போட்டுவிடுங்கள், இந்தத் தொகைக்குக் கீழே நீங்கள், மேலே நாங்கள் என்று. பாதிச் சண்டை அங்கேயே நிற்கும்.

பாஸ்மாரை, அதாவது திருத்த வேலை செய்யும் கைவினைஞர்களை, பிடிப்பது தனிக் கதை. பைப் பாஸ் இன்று வருகிறேன் என்றால் நாளை மறுநாள், வந்தாலும் ஒரு வோஷரை மாற்றப் பாதிச் சுவரை உடைப்பார், உடைத்த சுவரைப் பூச மேசன் பாஸ் வேண்டும், அவர் இன்னொரு சைட்டில் இருக்கிறார். குடியிருப்பவர் வேலைக்குப் போகிறவர், கதவு திறக்க வீட்டில் ஆள் இல்லை. சாவி யாரிடம் கொடுப்பது என்பதிலேயே ஒரு கிழமை போய்விடும். கீழ்வீட்டுக் கூரையில் கசிவு வந்தால் இன்னும் மோசம்: தண்ணீர் வருவது மேல்வீட்டு பாத்ரூமிலிருந்தா, நடுவில் ஓடுகிற பொதுக் குழாயிலிருந்தா என்று தெரியாமல் யார் காசு போடுவது?

அங்கேதான் தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டு, அதாவது வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்த நிர்வாக அமைப்பு, வருகிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டப்படி பொதுப் பகுதிகள், லிஃப்ட், ஜெனரேட்டர், தண்ணித் தாங்கி எல்லாம் அதன் பொறுப்பு, செலவுக்கு மாதக் கட்டணம். சட்டத்தில் அதைக் கட்ட வேண்டியவர் சொந்தக்காரர். நடைமுறையில் குடியிருப்பவர் தலையில் போடுகிறார்கள், அவர் கட்டவில்லை என்றால் வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அது தெரியவருவது ஒரு வருடப் பாக்கி சேர்ந்த பிறகுதான். முறையான திட்டப்படமும், அனுமதித்தபடி கட்டப்பட்டது என்ற அமைவுச் சான்றிதழும் இல்லாமல் விற்கப்பட்ட சின்னக் கட்டடங்களில் கூட்டே கிடையாது. அங்கே லிஃப்ட் பழுதானால் மூன்றாம் மாடி அக்கா வீடு வீடாகப் போய்க் காசு சேர்ப்பார், தரைத்தளத்துக்காரர் "நான் லிஃப்டே பாவிப்பதில்லை" என்று கதவைச் சாத்துவார்.

ஆள் மாறுகிற இடைவெளியில் பூட்டிக் கிடக்கும் வீடும் சும்மா கிடப்பதில்லை. பால்கனிப் பூச்சட்டித் தட்டிலும் கூரைப் பீலியிலும் தண்ணீர் நிற்கும், டெங்கு நுளம்பு வரும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி இடத்தின் சொந்தக்காரரையும் பிடிக்கலாம், அதில் இருப்பவரையும் பிடிக்கலாம். யாரும் இல்லாத வீட்டுக்கு யாரைப் பிடிப்பார்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. மாநகர சபை வரியை வருடம் முழுவதற்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதக் கழிவு கிடைக்கும், ஆகவே ஒப்பந்தத்தில் அதை யார் கட்டுவது என்று எழுதிவிடுவது நல்லது, வழக்கமாக அது சொந்தக்காரர்தான். வருமான வரி தனி. நிறுவனம் ஒன்று வீட்டை எடுத்து மாத வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தரும், 2023 ஜனவரியிலிருந்து அப்படி. அந்த 10 சதவீதத்தைக் கணக்கில் எடுக்காமல் வாடகை பேசிவிட்டு முதல் மாதமே "காசு குறைகிறது" என்று சண்டைக்குப் போன வீட்டுக்காரர்கள் உண்டு.

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது டிபொசிட்டில். குடியிருப்பவருக்கு அது சேமிப்பு, வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் எப்போதோ செலவழிந்த காசு. எழும்புகிற நாளில் சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணத் தொடங்கினால் அந்தக் காசு கையில் இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம், எனக்குத் தெரிந்து இது பெரிதாகத் தவறியதில்லை. கலர் வோஷுக்கு இவ்வளவு, ஓடு வெடித்ததற்கு இவ்வளவு, டீப் கிளீனிங்குக்கு இவ்வளவு என்று கழித்துக் கழித்து, போகிறவரே வெறுத்துப்போய் விட்டுவிடும் அளவுக்குக் கொண்டுவருவார்கள். அடுத்த வீட்டு அட்வான்ஸுக்கு அவர் நம்பியிருந்தது இந்தக் காசைத்தான், அதனால் அங்கே கடன் வாங்குகிறார். உள்ளே வருகிற நாளில் ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுத்து, மீட்டர் இலக்கங்களையும் அதில் சொல்லி, இரண்டு பேரின் வாட்ஸ்அப்பிலும் போட்டு வைத்தால் இந்த வாக்குவாதத்தில் முக்கால்வாசி எழும்பாது. மறுபக்கமும் உண்டு. கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் "டிபொசிட்டில் கழியுங்கோ அண்ணா" என்று சொல்லிவிட்டு, கரண்ட் பில்லையும் தண்ணீர் பில்லையும் பாக்கி வைத்துப் போகிறவர்கள். பில் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் மின்சார சபைக்கு அவர்தான் கடன்காரர், போனவர் நம்பரை மாற்றியிருப்பார். கடைசி மீட்டர் ரீடிங்குக்கான பில் ஆள் போன பிறகுதான் வருகிறது என்பதால் இப்போது நான் டிபொசிட்டில் ஒரு சின்னத் தொகையை மட்டும் அதற்கென்று நிறுத்தி வைத்து, மிச்சத்தைச் சாவி வாங்கும்போதே கொடுத்துவிடுகிறேன். நிறுத்திய தொகையும், அதைத் திருப்பித் தருகிற திகதியும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைக்கிறோம். அந்தத் தாளுக்கு நொத்தாரிசு தேவையில்லை.